உயர்தரப் பரீட்சையில் மேலதிக நேரம்: யாருக்கு அநியாயம்?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது: "என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. அவளுடைய வகுப்புப் பையன் ஒருவனுக்கு வாசிப்பில் ஏதோ இடர்பாடு என்று சொல்லிப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டிருக்கிறார்களாம். பார்த்தால் கெட்டிக்காரப் பிள்ளை, கிரிக்கெட்டும் ஆடுகிறான். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியின் நாலாவது தசமத்தில் மருத்துவ பீடம் தவறிப்போகிற நாட்டில் இது மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா? என் மகளும் மெதுவாகத்தான் எழுதுவாள். அப்படியென்றால் நாங்களும் கேட்கலாமா?"

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்த பிறகு, கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்கு மிஞ்சுவது எவ்வளவு இறுக்கமான இடம் என்பது இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை ரியூசனுக்கு ஓடி, இரவு பன்னிரண்டு மணிவரை கடந்தகால வினாத்தாள் செய்கிற பிள்ளையின் தாய்க்கு, இன்னொரு பிள்ளைக்குக் கூடுதல் நேரம் என்றால் நெஞ்சு எரியத்தான் செய்யும். இருபது வருடங்களுக்கு மேலாகக் கொழும்பில் கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளைகளோடு வேலை செய்தவள் நான். பரீட்சை மண்டபத்தில் நோக்குநராகவும் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: அந்தப் பையனுக்கு நேரம் கொடுப்பதில் அநியாயம் இல்லை. அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமலே போகிறது என்பதில்தான் அநியாயம் இருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

முதலில் அந்தப் பையனுக்கு என்னதான் பிரச்சினை என்று பார்ப்போம். அது வெளியில் தெரியாது, அதனால்தான் இவ்வளவு சந்தேகமும்.

என்னிடம் வந்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம், தமிழ் மொழிமூலம், உயர்தரம் முதலாம் வருடம். தாய் கூட்டி வந்து, "ரீச்சர், இவன் வாயால் கேட்டால் எல்லாம் சொல்லுறான். பேப்பரில ஒண்டும் இல்லை" என்றார். இரசாயனவியல் பல்தேர்வு வினாத்தாள் ஒன்றை அவன் முன்னால் வைத்தேன். முதல் வினா "பின்வருவனவற்றுள்" என்று தொடங்கியது. நம் பல்தேர்வு வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிற சொல் அது. நீங்களும் நானும் அதை வாசிப்பதே இல்லை, கண் அதன் வடிவத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடும். அவன் விரலை வைத்து, "பின்... வரு... வன..." என்று போய், நின்று, திரும்பவும் முதலிலிருந்து வந்தான். பத்து எழுத்து. அதில் மூன்று வகரம், இரண்டு னகரம், கடைசியில் ஒரு ள். அடுத்த வினாவில் மறுபடி அதே சொல், மறுபடி அதே ஏற்றம். பிழையாக வாசிக்கவில்லை, அதைக் கவனியுங்கள். கடைசியில் சரியாகத்தான் வாசித்தான். அதற்குள் அகவெப்பத் தாக்கமா, புறவெப்பத் தாக்கமா என்று யோசிக்க வேண்டிய நேரம் போய்விட்டது. அதே வினாவை நான் வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது விடையைச் சொல்லி முடிப்பதற்குள், "நாலாவது" என்றான். சரி. அடுத்ததும் சரி. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "எனக்கு விடை தெரியும் ரீச்சர். கேள்விதான் முடியேல்லை."

இந்த வாசிப்பு இடர்பாட்டுக்குப் பெயர் டிஸ்லெக்சியா. டிஸ்லெக்சியா என்றால் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்ப்பது என்று நம் ஊரில் ஒரு எண்ணம். அது சரியான படம் இல்லை. சொல்லின் ஒலியையும் எழுத்தையும் வேகமாக, தன்பாட்டில் இணைக்கிற வேலை மூளையில் சறுக்குவதுதான் அதன் அடிப்படை. அறிவுக்கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு இன்னொன்று. ஆகவே அங்கே இந்தப் பிள்ளைகள் பிழைவிட்டு மாட்டிக்கொள்வார்கள். எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒழுங்காகப் பொருந்துகிற இத்தாலியன், ஜெர்மன், ஃபின்னிஷ் போன்ற மொழிகளில் பிழை குறைவு, வேகக் குறைவுதான் முக்கியமான அடையாளம் என்பது பல காலமாக அறியப்பட்ட விஷயம். தமிழும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ல, ள, ழ மயக்கம் உண்டு, ர, ற மயக்கம் உண்டு, கெ, கே போன்றவற்றில் பின்னால் ஒலிக்கிற உயிரின் குறி முன்னால் நிற்கிற சிக்கலும் உண்டு. ஆனாலும் அ, ஆ படித்த பிள்ளை எழுத்துக் கூட்டி எதையும் வாசித்துவிடும். இதனால்தான் நம் ஆசிரியர்கள், "அவன் வாசிக்கிறானே, அப்புறம் என்ன டிஸ்லெக்சியா?" என்று கேட்கிறார்கள். வாசிக்கிறான்தான். எவ்வளவு நேரத்தில் என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இந்த இடர்பாடு வந்து உட்காருகிற இடமே நேரம்தான். அப்படியான பிள்ளைக்கு வேறு என்ன சலுகை கொடுத்தாலும் நேரம் கொடுக்காவிட்டால் பெரிய பயனில்லை.

இப்போது பரீட்சையைப் பார்ப்போம். உயிரியல் முதலாம் வினாத்தாள் 50 வினா, 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். அந்த நேரத்துக்குள் ஒரு நீண்ட வினாவையும் ஐந்து விடைகளையும் வாசித்து, யோசித்து, குறித்துவிட வேண்டும். அந்த 2 நிமிடம் 24 செக்கனில் நாம் எதை அளக்கிறோம்? உயிரியல் அறிவையா, வாசிப்பு வேகத்தையா? எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வாசித்தால் இந்தக் கேள்வியே எழாது. வாசிப்பு எல்லோரிடமும் ஒரே அளவு நேரத்தை எடுக்கும், மிச்சத்தில் அறிவு அளக்கப்படும். வாசிக்கவே இரண்டு மடங்கு நேரம் எடுக்கிற பிள்ளைக்கு மிச்சமே இல்லை. அவனுடைய புள்ளியைப் பார்த்து, "இவனுக்கு உயிரியல் இவ்வளவுதான் தெரியும்" என்று நாம் சொன்னால் அது உண்மையும் இல்லை.

இதில் பரீட்சைத் திணைக்களமே ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் வினாத்தாளின் முகப்பில், 3 மணித்தியாலத்துக்கு மேலே, "மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடங்கள்" என்று போட்டிருப்பதை உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். வாசிப்பது தனி வேலை, அதற்குத் தனி நேரம் வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? அந்த 10 நிமிடம் எல்லோருக்கும் ஒரே அளவு. அந்த நேரத்துக்குள் சில பிள்ளைகள் முழு வினாத்தாளையும் ஒருமுறை பார்த்து முடிப்பார்கள், கொட்டாஞ்சேனைத் தம்பி இரண்டாம் பக்கத்தில் நிற்பான்.

ஆனாலும் உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. என்னைப்போன்றவர்கள் அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. மேலதிக நேரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மூக்குக்கண்ணாடியை உதாரணம் காட்டுவார்கள்: பார்வை குறைந்தவனுக்குக் கண்ணாடி கொடுப்பது சலுகையா என்று. அந்த உதாரணம் முழுதாகப் பொருந்தாது. நல்ல கண் உள்ளவனுக்குக் கண்ணாடி போட்டால் அவன் இன்னும் நன்றாகப் பார்ப்பதில்லை. நேரம் அப்படி இல்லை, இடர்பாடு இல்லாத பிள்ளைக்கும் அரை மணித்தியாலம் கூடக் கொடுத்தால் நாலைந்து வினா கூடச் செய்யலாம். அமெரிக்காவில் ஸ்டீபன் சிரேசி என்ற பரீட்சை ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2005இல் வெளியிட்ட மீளாய்வில் கண்டதும் ஏறக்குறைய இதுதான்: கூடுதல் நேரம் இரு சாராருக்கும் உதவுகிறது, இடர்பாடு உள்ளவர்களுக்குக் கூடுதலாக உதவுகிறது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவும் இல்லை.

இதிலிருந்து எனக்கு விளங்குவது இரண்டு விஷயம். ஒன்று, நேரத்தை அள்ளிக் கொடுக்கக் கூடாது, அளந்து கொடுக்க வேண்டும். பிரித்தானியப் பரீட்சைகளில் வழக்கமான அளவு 25 வீதம் வரை. அதற்கும் சும்மா ஒரு கடிதம் போதாது. சராசரி 100 என்று வைத்த அளவுகோலில் வாசிப்பு வேகம், எழுத்து வேகம் போன்றவை பொதுவாக 84 அல்லது அதற்குக் கீழே இருப்பதைச் சோதனையில் காட்ட வேண்டும். இந்தியாவில் மணித்தியாலத்துக்கு 20 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான அமெரிக்க எஸ்.ஏ.டி. பரீட்சையில் வழக்கமாகக் கிடைப்பது 50 வீதம், சிலருக்கு அதற்கு மேலும். 25 வீதத்தை நம் 2 மணித்தியாலத்தில் போட்டுப் பாருங்கள்: 150 நிமிடத்துக்கு 50 வினா, ஒரு வினாவுக்கு 3 நிமிடம். மற்றவர்களைவிட 36 செக்கன் கூட. அந்தத் தம்பிக்கு "பின்வருவனவற்றுள்" என்ற சொல்லையும் அதற்குப் பிறகு வருகிற ஒரு வரியையும் தாண்டவே அந்த 36 செக்கன் போய்விடும்.

இரண்டாவது விஷயத்தை நம் நாட்டில் யாரும் பேசுவதில்லை. கூடுதல் நேரம் எல்லோருக்கும் உதவுகிறது என்றால், அந்த வினாத்தாளே வேகத்தை வைத்து வடிகட்டுகிறது என்றுதானே பொருள்? ஒரு வைத்தியருக்கு, ஒரு பொறியியலாளருக்கு, ஒரு கணக்காளருக்குப் பதினெட்டு வயதில் 2 நிமிடம் 24 செக்கனில் ஒரு பந்தியை வாசிக்கிற வேகம் எவ்வளவு அவசியம்? வினாக்களைச் சற்றுக் குறைத்து, அல்லது நேரத்தைச் சற்று நீட்டி, பெரும்பாலான பிள்ளைகள் அவசரப்படாமல் முடிக்கிற மாதிரி வைத்தால், யாருக்கு எத்தனை நிமிடம் என்ற சண்டை பாதி தானாகவே அடங்கிவிடும். மெதுவாக எழுதுகிற உங்கள் மகளுக்கும் அது நல்லது. இதைக் கேட்க வேண்டிய இடத்தில் பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பொய்ச் சான்றிதழ் பற்றிய பயமும் வெறும் கற்பனை இல்லை. 2019இல் அமெரிக்காவில் வெளிவந்த பல்கலைக்கழக அனுமதி மோசடியில், வில்லியம் சிங்கர் என்ற இடைத்தரகர் பணக்காரப் பெற்றோரிடம் பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு என்று ஒரு அறிக்கை எடுக்கச் சொல்லி, மேலதிக நேரம் வாங்கி, அதைச் சாக்காக வைத்துத் தனக்கு வசதியான நிலையத்துக்குப் பரீட்சையை மாற்றி, அங்கே விடைகளைத் திருத்த ஏற்பாடு செய்தார். சிறைக்கும் போனார். உண்மைதான். ஆனால் அந்தக் கதையில் பழி வந்து விழுந்தது யார் மேல்? உண்மையாகவே வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகள் மேல். அதற்கு முன்பும் 2003 வரை, மேலதிக நேரத்தில் எஸ்.ஏ.டி. எழுதியவர்களின் பெறுபேற்றில் ஒரு குறி போட்டுத்தான் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளை தன் இடர்பாட்டை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய நிலை. பிறகுதான் அதை நிறுத்தினார்கள். களவு நடக்கும் என்று பயந்து கதவைப் பூட்டினால் வெளியில் நிற்பது களவெடுத்தவன் இல்லை. அவனிடம் எப்போதும் இன்னொரு திறப்பு இருக்கும்.

தமிழர்கள் இதைப் பேசும்போது இன்னொன்றும் மனதில் ஓடும். "ஒரு சாராருக்கு ஒரு அளவு, இன்னொரு சாராருக்கு வேறு அளவு" என்றதும் 1970களின் தரப்படுத்தல் நினைவு வந்துவிடுகிறது. என் பெற்றோரின் தலைமுறைக்கு அது ஆறாத புண், நான் அதை இலேசாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அன்று நடந்தது, ஒரே பரீட்சையை எழுதிய பிறகு, எந்த மொழியில் எழுதினார் என்பதைப் பார்த்து, தமிழ் மாணவர் தாண்ட வேண்டிய வெட்டுப்புள்ளியை உயர்த்தியது. இங்கே ஒரு மாவட்டத்துக்குள் வெட்டுப்புள்ளி எல்லோருக்கும் ஒன்று, வினாத்தாள் ஒன்று, திருத்துகிற விதமும் ஒன்று. அந்தப் பையன் எழுதாத விடைக்கு யாரும் புள்ளி போடுவதில்லை. அவனுடைய இசட் புள்ளியும் உங்கள் மகளுடையதைப் போலவே, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் நியம விலகலையும் வைத்துத்தான் கணிக்கப்படும்.

அவன் நல்ல புள்ளி எடுத்து, அதனால் பட்டியலில் இன்னொரு பிள்ளை ஒரு இடம் கீழே போகலாம். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரிந்த உயிரியல் அவ்வளவு என்றால் அது அவனுடைய இடம்.

இனி எனக்குத் தூக்கம் கெடுகிற பகுதிக்கு வருகிறேன். கொழும்பில் ஆங்கில மொழிமூல சர்வதேசப் பாடசாலைகளில் லண்டன் உயர்தரம் எழுதுகிற பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் புதிய விஷயம் இல்லை. பெற்றோருக்கு விஷயம் தெரியும், பாடசாலைக்கு நடைமுறை தெரியும், தனியாரிடம் காசு கொடுத்து ஆங்கிலத்தில் சோதனை செய்யலாம். ஆங்கிலத்தில் அதற்கு நன்றாகத் தரப்படுத்திய சோதனைகள் இருக்கின்றன. அதே நகரத்தில், இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி, தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளைக்குத் தமிழில் வாசிப்பு வேகத்தைச் சோதித்து அறிக்கை எழுதக் கூடியவரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆங்கிலச் சோதனையைத் தமிழாக்கிப் பார்த்தால் சரிவராது. ஆங்கிலத்தில் பிழையை எண்ணுகிற சோதனை, தமிழ்ப் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். நான் "கெமுலை", "பொதேனு" என்று இல்லாத சொற்களை நானே கட்டி, அட்டையில் எழுதி, நேரம் பார்த்துத்தான் வேலை செய்தேன். தெரிந்த சொல் என்றால் பிள்ளை ஊகித்துவிடும், இல்லாத சொல்லை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். கொழும்பிலேயே நிலை இது. நுவரெலியாத் தோட்டப் பாடசாலையில், வன்னியில் இருக்கிற பிள்ளையின் நிலையை நீங்களே யோசியுங்கள். அந்தப் பிள்ளைக்கு வைக்கப்படும் பெயர் டிஸ்லெக்சியா இல்லை, "மொக்கு". பெரும்பாலும் சாதாரண தரத்தோடு கதை முடிந்துவிடும். உங்கள் மகளோடு போட்டி போட அவன் அந்த மண்டபத்துக்கு வருவதே இல்லை.

சட்டத்தில் உரிமை இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா.வின் சாசனத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. தாளில் இருப்பது மண்டபத்துக்கு வந்து சேருமா என்பது வேறு. இந்தியாவில் மருத்துவப் படிப்பு அனுமதிக்கான 2021 நீட் பரீட்சையில், எழுதுவதில் இடர்பாடு உள்ள ஒரு மாணவிக்குச் சட்டப்படி 3 மணித்தியாலத்துக்கு மேல் 1 மணித்தியாலம் கிடைத்திருக்க வேண்டும். நிலையத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, மற்றவர்களோடு சேர்த்து அவளுடைய விடைத்தாளையும் பறித்துவிட்டார்கள். அந்த வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவளுக்கு அநீதி நடந்ததை ஏற்று, அதைச் சரிசெய்ய வழி பார்க்கும்படி பரீட்சை நடத்திய அமைப்புக்குக் கட்டளையிட்டது. மறுபரீட்சை கொடுக்கவில்லை. போன மணித்தியாலம் போனதுதான்.

கடைசியாக, உங்கள் மகள். "நாங்களும் கேட்கலாமா" என்றதை நான் குத்தலாக எடுக்கவில்லை, அது நல்ல கேள்வி. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவள் செய்யாத கடந்தகால வினாத்தாள் இரண்டை எடுங்கள். ஒன்று வாசிப்பு நிறைய உள்ள உயிரியல், மற்றது கணிப்பு கூடிய பௌதிகவியல். நீலப் பேனையில் சரியாக 2 மணித்தியாலம் செய்யட்டும். நேரம் முடிந்ததும் சிவப்புப் பேனையைக் கொடுத்து, மிச்சத்தை ஆறுதலாக முடிக்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். சிவப்பில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்றால் பிரச்சினை நேரத்தில் இல்லை, படிப்பில். இரண்டு தாளிலும் ஒரே அளவு கூடினால் பயிற்சி போதவில்லை என்று எடுக்கலாம், இன்னும் நாலைந்து தாள் நேரம் வைத்துச் செய்தால் சரிவரும். உயிரியலில் மட்டும் சிவப்பு நிறைய இருந்து, அவளுக்குப் பிழைத்த வினாக்களை நீங்கள் வாசித்துக் காட்டினதும் சரியாகச் சொன்னால், அப்போது என்னைப்போன்ற ஒருவரிடம் கூட்டிவாருங்கள். சின்ன வகுப்பிலிருந்தே வாசிக்கச் சொன்னால் தண்ணி குடிக்க எழும்புகிற பிள்ளையா, சொல்வதெழுதலில் ல, ள குழம்பினாளா என்பதையும் யோசித்துப் பாருங்கள். இது உயர்தரத்தில் திடீரென்று முளைப்பதில்லை.

அப்படி இருந்தால் பரீட்சை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் நிரப்புகிற காலத்திலேயே அதிபரிடம் விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கான ஏற்பாட்டைக் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிறுவர் உளநலக் கிளினிக் இருக்கிற இடத்துக்குப் போனால் காசு செலவில்லை, வரிசைதான் நீளம். கடிதத்தில் "மெதுவாக வாசிப்பவர்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எந்தப் பந்தியை, எந்த மொழியில், எத்தனை நிமிடத்தில் வாசித்தாள், அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை நிமிடத்தில் வாசிப்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கண்டதையும் ஒரு பக்கம் எழுதித் தரட்டும். நீலமும் சிவப்புமாக இருக்கிற அந்த இரண்டு வினாத்தாளையும் கோவையில் சேர்த்து வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியர் முதலில் கேட்பதே அதைத்தான்.